அணையா விளக்கின் சங்கிலி

மணிக்குன்றுக் கல்லூரியின் சிற்றாலயத்துக்குள் முதன்முறை நுழையும் மாணவர் எவரும் அண்ணாந்து பார்ப்பார்; பார்த்த மாத்திரத்தில் தலையைத் தாழ்த்திக்கொள்வார். பலிபீடத்துக்கு மேலே விதானம் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் ஓடம் கவிழ்ந்து கிடக்கும். ஆணி ஒன்றும் அறையாமல், அயினிப் பலகைகளைக் கயிற்றால் தைத்து இணைத்த பழைய காயல் ஓடம். அதன் கீழ் மண்டியிட்டு மன்றாடுவோர், நீருக்கு அடியிலிருந்து மேலே நோக்குவோரைப் போலத் தோன்றுவார்கள்.

அந்த ஓடத்தின் நடுப்பலகையிலிருந்து ஒரு வெண்கலச் சங்கிலி இறங்கும். சங்கிலியின் முனையில் ஒரு விளக்கு. ஆலயம் எழுந்த காலந்தொட்டு ஒருநாளும் அணையாத அந்த விளக்குக்கு எண்ணெய் வார்ப்பதே சோசம்மாவின் ஊழியம். வெள்ளைச் சட்டையும், பின்னால் விசிறி மடிப்பு வைத்துடுத்த முண்டும், காதின் மேல்மடலில் குணுக்குமாக, விடியலில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் அவள் உருளையில் சங்கிலியைத் தளர்த்துவாள். விளக்கு தாழ்ந்து வந்து அவள் முகத்துக்கு நேரே நிற்கும். திரியை நிமிண்டி, எண்ணெய் வார்த்து, மறுபடி மேலே அனுப்புவாள். அவ்வளவு நேரமும் வாய் திறக்க மாட்டாள். மூச்சுக் காற்றில் சுடர் அசையக் கூடாது என்பது அவள் மாமியார் சொல்லிக்கொடுத்த ஒழுங்கு.

ஆலயத்தைக் கட்டியவர் புன்னூஸ் கத்தனார் என்ற குருவானவர். குன்றின் செம்புரைக்கல்லையே வெட்டியெடுத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய சுண்ணச்சாந்து பூசி, இரண்டு நிலைக் கோபுரத்தோடு முடிக்கவே அவர் எண்ணியிருந்தார். கூரை வேய்வதற்கு முன் துலா மாதத்து, அதாவது இடிமழை பெய்யும் ஐப்பசியின், பிற்பகல் ஒன்றில், வீடு திரும்பிய மாணவர்களின் ஓடம் நடுக்காயலில் மழைக்குள் அகப்பட்டது. கத்தனார் சாரத்தின்மேல் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கரை எந்தத் திசை என்று அவர்களுக்குத் தெரியவில்லை. இவர் கூவிய கூவல் அவர்களுக்கு எட்டவில்லை. ஏழு உடல்களைக் கரையேற்றிக் கோபுரத்தின் அடியிலேயே அடக்கினார்கள். அந்த ஓடத்தைக் குன்றின்மேல் இழுத்துவரச் செய்து பீடத்துக்குக் கூரையாகக் கவிழ்த்தார் கத்தனார். கோபுரத்தை இன்னும் இரண்டு நிலை உயர்த்தினார். ஊரார் கொடுத்த வெண்கல உருளிகளையும் கிண்டிகளையும் உருக்கி மணி வார்த்தார். மிஞ்சிய வெண்கலம் விளக்கும் சங்கிலியும் ஆயிற்று. மழை கண்ணை மறைக்கும்போதெல்லாம் மணி ஓயாமல் ஒலிக்க வேண்டும், துடுப்புப் போடுகிறவன் காதால் கரை காண வேண்டும் என்று விதித்தார்.

உயர்ந்த கோபுரம் மணியின் குரலை அக்கரை வரைக்கும் அனுப்பியது. வானத்தின் பார்வையிலும் அதுவே முதலில் பட்டது.

மணியடிக்கும் குடும்பத்துக்குக் குன்றின் சரிவில் வீடும் தென்னைகளும் கத்தனார் காலத்தில் எழுதி வைத்தவை. அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது சோசம்மாவுக்கு முதலில் கண்ணில் பட்டது மாமனாரின் வலக்கை. விரல்கள் மடங்கியபடி இறுகி, காய்ந்த இஞ்சிக் கிழங்குபோல இருந்தது. கயிறு நனைந்திருந்த ஒரு நாளில் இடி இறங்கி, கையை மட்டும் வாங்கிக்கொண்டு ஆளை விட்டுப்போனதாகக் கேள்வி. அவருக்குப் பின் கயிற்றைப் பிடித்தவன் அவள் கணவன் இட்டியவிரா. அவனைத் துலா மாதம் விட்டுவைக்கவில்லை. செருப்பில்லாத காலோடு, ஈரக் கல்தரையில், கயிற்றைப் பற்றியபடியே சாய்ந்து கிடந்தான். கண் திறந்தே இருந்தது. புருவமயிர் மட்டும் பொசுங்கியிருந்தது.

அதன் பிறகுதான் கல்லூரியார் கோபுர உச்சியிலிருந்து மண்ணுக்குள் போகும்படி செப்புப் பட்டை ஒன்றைப் பதித்து இடிதாங்கி அமைத்தார்கள். சோசம்மாவை அந்தப் பட்டையின் அருகே கூட்டிச் சென்று காட்டியவர் கல்லூரி முதல்வரான பாதிரியார் மாத்தன் அச்சன்.

"இனி இடி எறங்கினா இந்த வழியா மண்ணுக்குப் போயிரும் சோசம்மா. கயித்துக்கு வராது. பைலி வளர்ந்து மணியடிக்கணும்னா நீ பயப்பட வேண்டாம்."

"அச்சன் சொல்றதை நம்புறேன்," என்றாள் அவள். "இல்லேன்னா என் மோனை அந்தக் கயித்துக்குத் தரமாட்டேன். வீட்டை வேணும்னா எடுத்துக்குங்க."

பைலி அப்போது பள்ளிச் சிறுவன். தகப்பனைத் தூக்கிவந்ததைப் பார்த்த நாள் முதல், கிழக்கே மலைப்பக்கம் ஒரு முணுமுணுப்புக் கேட்டாலும் கட்டிலுக்கு அடியில் போய்ச் சுருண்டுகொள்வான். உண்ணவும் மாட்டான். மருந்தும் மந்திரிப்பும் பலிக்கவில்லை. அடுத்த துலா மாதத்தில் இடி உண்மையாகவே கோபுரத்தில் விழுந்து, பட்டை வழியே மண்ணுக்குள் இறங்கி, ஒருவரையும் தொடாமல் ஒழிந்தது. மறுநாள் சோசம்மா பட்டையைப் போய்ப் பார்த்தாள். இடியையே விழுங்கிவிட்டு ஒன்றுமறியாததுபோல மின்னிக்கொண்டிருந்தது. தேங்காய் வெட்டும் கத்தியால் அதன் விளிம்பில் நகத்தளவு நறுக்கி, துளையிட்டு, மகனின் அரைஞாணில் கோத்துக் கட்டினாள்.

"இது இடியைக் குடிச்ச செம்புடா மோனே. இது இருக்கிற இடத்துல இடிக்கு வேலை இல்லை."

அன்றிரவு பைலி கட்டிலுக்கு மேலே உறங்கினான். அதன் பின் அவன் எந்த இடிக்கும் அஞ்சியதில்லை.

குளிக்கும் பிள்ளையின் இடுப்பில் இருப்பது ஊருக்குத் தெரியாமல் போகுமா? முதலில் வந்தவள் பக்கத்து வீட்டுப் பெண்ணம்மா.

"உன் மோனுக்கு மட்டும் கோவில் புண்ணியவாளன் ஸ்பெசலா குடுத்தாரோ? என் பேரன் ராத்திரி பூரா வெட்டி வெட்டி அழறான். ஒரு துண்டு தந்தா உன் சாப்பல் கோபுரம் இடிஞ்சா விழுந்திரும்?"

"அதைத் தொடக் கூடாது சேட்டத்தி. அச்சனுக்குத் தெரிஞ்சா..."

"தெரிஞ்சு நீ வெட்டினியா, தெரியாம வெட்டினியா?"

 நகத்தளவுதானே என்று எண்ணினாள் சோசம்மா. அவள் கொடுக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. பட்டை மண்ணில் இறங்கும் இடம் கல்லறைகளின் பின்னால், நந்தியாவட்டைப் புதருக்குள் மறைந்திருந்தது. கல்லறையில் மெழுகுதிரி ஏற்றப் போகும் பெண்கள் திரும்பி வரும்போது முந்தானை முடிச்சு ஒன்று கூடியிருக்கும். ஆண்டுகள் சென்றன. மணிக்குன்றின் சரிவில் அரைஞாண் கட்டிய குழந்தை இல்லாத வீடு இல்லை. செம்பு கோக்காத அரைஞாணும் இல்லை.

பைலி வளர்ந்து ஆளானான். கயிற்றைப் பிடித்தான். மணமும் ஆயிற்று, குஞ்ஞேலி என்ற பெண் வீட்டுக்கு வந்தாள். அவள் வயிற்றில் பிள்ளை நின்ற ஆண்டின் துலா மாதம் வழக்கத்தைவிடப் புழுக்கமாகப் பிறந்தது. காலை வெயில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியதுபோல இருக்கும். நண்பகல் தாண்டியதும் கிழக்கு மலைகள் தம் நிறத்தை இழக்கும். காகங்கள் கோபுரத்தை விட்டு இறங்கி ஓட்டுக்கூரையில் வரிசையாக அமர்ந்துகொள்ளும்.

முதல் இடி ஒரு விடுமுறை நாளில் விழுந்தது. ஓடம் ஓடவில்லை, ஆகையால் பைலியும் கயிற்றருகே இல்லை. மழை ஓய்ந்தபின் விளக்குக்கு எண்ணெய் வார்க்கக் குன்றேறிய சோசம்மா, ஆலயக் கதவைத் திறந்ததும் ஒரு நாற்றத்தை உணர்ந்தாள். தீய்ந்த மயிரின் நாற்றம். இட்டியவிராவைத் தூக்கிவந்த அன்று அவள் முண்டில் ஒட்டி நெடுநாள் போகாமல் இருந்த அதே நாற்றம்.

மணிக்கயிறு தொங்கும் மூலையில் சுண்ணச்சாந்து பெயர்ந்து தரையெங்கும் சிதறியிருந்தது. சுவரில் கைப்பிடி நுழையும் அளவுக்கு ஒரு பொத்தல். அதன் வாய் கரியாக இருந்தது. கயிற்றின் கீழ்முனை பொசுங்கிச் சுருண்டிருந்தது. பைலி கைவைத்துப் பிடிக்கும் இடத்தில், அவன் உள்ளங்கை வியர்வை கறுப்பேற்றிய அதே இடத்தில், நார் நாராகப் பிரிந்து கிடந்தது.

அவள் வெளியே ஓடிப் புதரை விலக்கினாள். பட்டை மண்ணைத் தொடவில்லை. மண்ணுக்குள் இருந்த முனையைக்கூடத் தோண்டி எடுத்திருந்தார்கள். மேலே நின்ற பகுதி, ஒரு பெண் கையை உயர்த்தினால் கத்தி எட்டும் உயரம் வரைக்கும் வெட்டப்பட்டிருந்தது. எஞ்சிய முனை சுவரில் அந்தரத்தில் நின்றது. அந்த முனைக்கு நேரே சுவர் வெடித்திருந்தது. உச்சியிலிருந்து இடியைக் கைப்பிடித்து இறக்கிக்கொண்டு வந்த செம்பு, வழி தீர்ந்த இடத்தில் அதைச் சுவருக்குள் தள்ளியிருக்கிறது. சுவருக்கு அப்புறம் கயிறு. கயிற்றின் முனையில் நாளை அவள் மகன்.

புதருக்குள்ளேயே அமர்ந்துவிட்டாள். முதல் நறுக்கை நறுக்கிய கை தன்னுடையது என்ற எண்ணம், கிணற்றில் விழுந்த குடம்போல உள்ளே இறங்கிக்கொண்டே போயிற்று.

மாத்தன் அச்சன் வந்து பார்த்தார். முதுமையில் அவருக்குக் கண் சற்று மங்கல்; பொத்தலுக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு, கரி படிந்த விரலை வெகுநேரம் நோக்கினார்.

"எவன் வெட்டினான் சோசம்மா?"

அவள் குனிந்து, தரையில் சிதறிய சாந்தைப் பொறுக்கத் தொடங்கினாள்.

"காயலான் கடைக்குத் தூக்கி விக்கிற கள்ளனா இருக்கும். சரி, போகட்டும். நாளைக்கே ஆளனுப்பிக் கோட்டயத்துல செம்பு வாங்கிட்டு வரச் சொல்றேன். பட்டை பதிக்கிற ஆளும் அங்கேருந்துதான் வரணும். திங்கக்கிழமைக்குள்ள ஆயிரும். அதுவரைக்கும் மணி வேண்டாம். பைலிகிட்டே நான் சொன்னேன்னு சொல்லு."

பைலி அதைக் கேட்டுக்கொண்டே மரவள்ளிக் கிழங்கை மீன்சாற்றில் தோய்த்துத் தின்றான்.

"மணி வேண்டாம்னு அச்சன் சொல்லிட்டாரு. மழைகிட்டேயும் சொல்லிட்டாராமா, திங்கக்கிழமை வரைக்கும் வேண்டாம்னு?"

"விளையாடாதே மோனே."

"நான் விளையாடலை அம்மச்சி. நடுக்காயல்ல நாணுச்சேட்டன் படகைத் திருப்புறது எதை வச்சு? என் அப்பச்சன் எதுக்குச் செத்தாரு? சும்மா கயித்தைப் பிடிச்சுத் தொங்கவா?" இடுப்பைத் தட்டிக் காட்டினான். அரைஞாணில் பழஞ்செம்பு கறுத்துக் கிடந்தது. "எனக்கு இது இருக்கே. நீ கட்டினதுதானே?"



மறுநாள் ஓடத்துறையான கடவுக்குப் போய் ஓடக்காரன் நாணுவைப் பிடித்தாள். நாணு அவளைவிட மூத்தவன். ஒரு காதில் கடுக்கன், வாயில் எப்போதும் வெற்றிலை.

"நாணுச்சேட்டா, திங்கக்கிழமை வரைக்கும் சாயங்கால ஓடம் போட வேண்டாம்."

"நான் போடலைன்னா பிள்ளைங்க நீந்திப் போகுமா சோசம்மே? காலேஜுல அதையும் சொல்லிக் குடுக்குறாங்களா?"

"மணி அடிக்க மாட்டாங்க. கேட்டுக்கோ. மணி இல்லை."

நாணுவின் தாடை அசைவது நின்றது. வெற்றிலையைத் துப்பிவிட்டுக் குன்றின்மேல் கோபுரத்தைப் பார்த்தான்.

"மணி இல்லைன்னா நான் குருடன். சரி. கிழக்கே கறுக்கிறதுக்கு முன்னாடியே கொண்டு விட்டுட்டு வந்திடறேன். வாத்தியாருங்களைச் சீக்கிரம் மணியடிச்சு விடச் சொல்லு. அந்த மணியாவது இருக்குமில்ல?"

இரண்டு பிற்பகல்கள் அவ்வாறே கழிந்தன. வகுப்புகள் முன்கூட்டியே விடப்பட்டன. ஓடம் வெயிலோடு போய் வெயிலோடு திரும்பியது. மழையும் மலையடிவாரத்திலேயே நின்றுகொண்டு குன்றை நோட்டம் பார்த்தது. சோசம்மா விளக்கின் கீழ் நெடுநேரம் நின்றாள்.  நிமிர்ந்தபோது கவிழ்ந்த ஓடத்தின் பலகைத் தையல்கள் தெரிந்தன. அந்த ஏழு பேரும் கடைசியாகக் கண்டது இவற்றைத்தான் என்று இத்தனை காலத்தில் முதன்முறையாகத் தோன்றிற்று.

மூன்றாம் நாள் ஞாயிறு. வழிபாடு முடிந்து, விடுதியில் விருந்தும் முடிந்து, அக்கரைப் பிள்ளைகள் ஓடத்தில் ஏறியபோது வானம் துடைத்துவிட்ட பித்தளைத் தாம்பாளம். நாணுவும் கிழக்கைப் பார்த்துவிட்டுத்தான் கழியை ஊன்றினான். ஓடம் பாதிக் காயல் கடந்திருக்கும். காகங்கள் கோபுரத்திலிருந்து ஒருசேர இறங்கின.

மேகம் ஏறி வந்ததை எவரும் காணவில்லை; மலைகளின் பின்னாலிருந்து எழுந்து நின்றதைத்தான் கண்டார்கள். முதலில் காற்று நின்றது. தென்னை ஓலைகள் தொங்கிப்போயின. பிறகு காயலின் கிழக்குப் பாதி கறுத்தது. மேற்குப் பாதி வெள்ளியாகவே இருந்தது. அந்த இரண்டுக்கும் நடுக்கோட்டில் ஓடம் ஊர்ந்தது. மழை சரிவில் இறங்கும் ஓசை, ஆயிரம் பேர் முற்றத்தைப் பெருக்குவதுபோல நெருங்கி வந்தது. அடுத்த நொடியில் ஓடமும் இல்லை, அக்கரையும் இல்லை.

பைலி வாசற்படியில் எழுந்து நின்றான்.

"போகாதே," என்றாள் சோசம்மா.

"குஞ்ஞேலியோட தம்பி அந்த ஓடத்துல இருக்கான் அம்மச்சி."

"அச்சன் சொல்லியிருக்காரு."

"அச்சன் சொன்னது நாணுச்சேட்டனுக்குக் கேக்காது. மணி சொன்னாத்தான் கேக்கும்." முண்டை மடித்துக் கட்டினான். "பயப்படாதே. நான் திரும்பி வந்து கட்டங்காப்பி கேப்பேன். வெல்லம் நிறையப் போட்டு வை."

அவனைத் தடுக்கக் கை எழவில்லை. நடுக்காயலில் இருப்பவர்களும் யாரோ ஒருத்தி பெற்ற பிள்ளைகள். அவன் குன்றேறும் வழியில் மழைக்குள் மறைந்தான். சோசம்மா குறுக்குப் படிகளில் ஏறினாள். ஏறும்போதே மணி தொடங்கிவிட்டது. வேகமாக, ஓய்வில்லாமல், கத்தனார் விதித்த விதிப்படி. ஒவ்வோர் அடியும் அவள் பல்லில் பட்டது.

வடக்கு வாயில் வழியே ஆலயத்துக்குள் புகுந்தாள். மூலையில், கோபுரத்தின் கீழ், பைலியின் முதுகு ஏறியும் இறங்கியும் அசைவது தெரிந்தது. ஈரத்தரையில் வெறுங்கால். கோவிலுக்குள் செருப்பிடாத குலம். அவனிடம் அவள் செல்லவில்லை. பீடத்தின் முன் வந்து நின்றாள்.

சுடர் அசையாமல் எரிந்துகொண்டிருந்தது. உருளையில் சங்கிலியை முழுவதும் தளர்த்தினாள். விளக்கு முகத்துக்கு நேரே வந்தது; அங்கே நிற்காமல் மார்புக்கும் தாழ்ந்து, தரையைத் தொட்டது. சங்கிலியின் மறுமுனை வளையத்தைச் சுவர்க் கொக்கியிலிருந்து விடுவித்தாள். வெண்கலம் சரசரவென்று இறங்கி அவள் காலடியில் குவிந்தது. இத்தனை காலம் மூச்சுக்கூடப் படாமல் காத்த சுடர் அப்போதும் எரிந்துகொண்டுதான் இருந்தது. "என்னைப் பொறுத்துக்கோ தம்புரானே," என்று வாய்விட்டுச் சொன்னாள். அந்த மூச்சிலேயே சுடர் அணைந்தது.

விளக்கை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, சங்கிலியை மண்ணில் இழுத்தபடி மழைக்குள் ஓடினாள். கோபுரத்துக்கும் கல்லறைகளுக்கும் சற்று அப்பால் ஆலயக் கிணறு. துலா மாதத்து நீர் கைப்பிடிச் சுவருக்கு அருகே தளும்பி நின்றது. புதருக்குள் நுழைந்து அங்கிருந்த கல்லறை மேட்டில் ஏறி நின்றாள். அது நீரில் மாண்ட பிள்ளைகளில் ஒருவனுடையது. பட்டையின் முனை விரலுக்கு எட்டியது. செம்பு மென்மையான உலோகம். வளையத்தை அதில் மாட்டி, முனையை மடக்கி, கல்லால் அறைந்து இறுக்கினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவள் உடலின் மயிரெல்லாம் மழைக்குள்ளும் எழுந்து நின்றது. குணுக்கு காதைச் சுட்டது. என்ன வருகிறது என்று அவளுக்குத் தெரிந்தது.

விளக்கைக் கிணற்றுக்குள் வீசினாள். சங்கிலி அதன் பின்னே துள்ளி ஓடி, நீருக்குள் விழுந்து விறைத்தது. அவள் கையை எடுத்துத் திரும்பினாள்.

வெண்மை. ஓசை கேட்டதாக அவளுக்கு நினைவில்லை.

விழித்தபோது நந்தியாவட்டைப் பூக்களின் நடுவே கிடந்தாள். மழை முகத்தில் விழுந்தது. விழும் ஓசை இல்லை. கிணற்றிலிருந்து ஆவி எழுந்தது. பரல்மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. மேலே கோபுரத்தின் சாளரத்தில் மணி ஊமையாக அசைந்துகொண்டிருந்தது. ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. அது அசைகிறவரைக்கும் கயிற்றில் உயிருள்ள கை இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே கிடந்தாள்.

பைலி வெகுநேரம் கழித்து வந்தான். அவள் முன்னே மண்டியிட்டு வாயைத் திறந்து திறந்து மூடினான். அவனுக்குப் பின்னால், நனைந்த கோழிகளைப்போல மாணவர் கூட்டம். அதற்கும் பின்னால் வெற்றிலை இல்லாத வாயோடு நாணு. சோசம்மா மகனின் உள்ளங்கையைப் பிரித்துப் பார்த்தாள். முகர்ந்தும் பார்த்தாள். தீய்ந்த நாற்றம் இல்லை.

அவளுக்குச் செவிப்புலன் திரும்பவே இல்லை.

பாதாளக் கரண்டி போட்டு விளக்கை எடுத்தார்கள். சங்கிலியின் கண்ணிகள் சில ஒன்றோடொன்று உருகி ஒட்டியிருந்தன. அணையா விளக்கை ஒரு பெண் அணைத்துக் கிணற்றில் எறிந்தது கல்லூரிக்கு ஆகாது என்று ஆட்சிக் குழுவின் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். மாத்தன் அச்சன் அவளுக்காக வாதாடினார், பயனில்லை. விளக்கின் ஊழியம் வேறொருத்திக்குப் போயிற்று. புதிய திரியில் தீக்குச்சியால் சுடர் ஏற்றினார்கள். எல்லோரும் அதை அணையா விளக்கு என்றே தொடர்ந்து அழைத்தார்கள். சோசம்மாவுக்கு முற்றம் பெருக்கும் வேலை மட்டும் எஞ்சியது.

"சோசம்மா குடுத்து வச்சவ," என்றான் நாணு, கடவில் இருந்தவர்களிடம். "இனி எந்தப் பெரிய மனுசன் திட்டினாலும் கேக்காது. எனக்கும் அப்படி ஒரு வரம் கிடைச்சா என் பெண்டாட்டிகிட்டே நிம்மதியா இருப்பேன்." சொல்லிவிட்டு அவன் மட்டும் சிரிக்கவில்லை.

கோட்டயத்திலிருந்து புதுப்பட்டை வந்தது. உச்சியிலிருந்து இறங்கி ஆழமாக மண்ணுக்குள் போயிற்று. பைலிக்கு ஆண்குழந்தை பிறந்தது. அடுத்த துலா மாதத்தின் தொடக்கத்தில் ஒருநாள், வெந்நீரில் பேரனைக் குளிப்பாட்ட மடியில் இட்ட சோசம்மாவின் விரலில் ஏதோ தட்டுப்பட்டது. குழந்தையின் அரைஞாணில் செம்பு. பழையதைப்போலக் கறுத்ததன்று. அப்போதுதான் நறுக்கியதுபோலப் பளபளத்தது. நகத்தளவைவிட மிகப் பெரியது.

குஞ்ஞேலியை ஏறிட்டுப் பார்த்தாள். மருமகளின் உதடுகள் அசைந்தன. அதைப் படிக்கச் செவி தேவைப்படவில்லை.

"பிள்ளை பயப்படாம இருக்கட்டும்னுதான் அம்மச்சி. போன வருசம் அந்தச் செம்புதானே நம்ம எல்லாரையும் காப்பாத்திச்சு? அக்கரையிலேருந்துகூட ஆள் வந்து கேக்குறாங்க."

முற்றத்தில் வெயில் மங்கியது. காகங்கள் ஓட்டுக்கூரையில் வரிசையாக அமர்ந்திருந்தன. மேல்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பைலி குன்றேறிப் போவது தெரிந்தது.

சோசம்மா குழந்தையின் அரைஞாணை அறுத்தாள். ஈரக் கையோடு குறுக்குப் படிகளில் ஏறினாள். புதருக்குள், மண்ணுக்குச் சற்று மேலே, பட்டை துண்டுபட்டு நின்றது. நடுவில் இரண்டு விரல் அகல இடைவெளி. கையிலிருந்த செம்பை அதற்குள் வைத்தாள். அளவெடுத்ததுபோல அமர்ந்தது. முந்தைய ஆண்டு இடியில் அறுந்து விழுந்த சங்கிலிக் கண்ணி ஒன்று அங்கேயே புல்லில் கிடந்தது. அதை மேலே பொருத்தி, கழுத்துச் சரட்டில் கிடந்த சிலுவையைக் கழற்றிவிட்டு, அந்தச் சரட்டால் சுற்றிச் சுற்றி இறுக்கினாள். நூல் இடிக்கு எம்மாத்திரம் என்பது அவளுக்குத் தெரியும். நாளை ஆள் வந்து ஒட்டவைக்கலாம். மறுநாளே இன்னொரு தாய் கத்தியோடு வருவாள். வருகிறவளும் பொல்லாதவளாக இருக்க மாட்டாள்.

ஆகவே அவள் அங்கேயே அமர்ந்தாள். பட்டையை முதுகால் மறைத்து, சுவரில் சாய்ந்து, கல்லறைகளைப் பார்த்தபடி. அன்று முதல், சாகும் வரைக்கும், துலா மாதத்துப் பிற்பகல்களில் அவள் இடம் அதுதான். ஜெபம் செய்கிறாள் என்று மாணவர்கள் எண்ணி, பேச்சைத் தாழ்த்திக்கொண்டு கடந்துபோவார்கள். மெழுகுதிரி கொண்டுவரும் பெண்கள் அவள் முகத்தைக் கண்டதும் முந்தானைக்குள் எதையோ மறைத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள்.

அந்த முதல் நாள் கிழக்கு மலைகள் நிறமிழந்தபோது அவள் கண்களை மூடினாள். சற்று நேரத்தில் சுவர் அதிரத் தொடங்கியது. முதுகெலும்பின் வழியே, ஒன்றன்பின் ஒன்றாக, மகனின் கை இழுக்கும் ஒவ்வோர் இழுப்பும் அவளுக்குள் வந்து விழுந்தது. மழை இன்னும் குன்றை எட்டவில்லை.